தண்ணீர் குடிக்கும் கால்

அக்கா கல் போன்ற அந்த வெள்ளைத் துண்டைக் கையில் எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, யாரும் எதிர்பாராத நேரத்தில், அதை நுனி நாக்கில் வைத்தாள்.

இடம் நசீர் நானாவின் படகுப் பட்டறை. திருகோணமலை உட்துறைமுகக் கரையில் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டில். பைபர் படகுக்கு ஊற்றும் ரெசினின் வாடை, மூக்கைக் குத்துகிற, கொஞ்சம் இனிப்பான வாடை, எங்கள் சட்டைகளில் ஏறியிருந்தது. தேநீரிலும் ஏறியிருந்தது.

"அல்லாஹ்வே, டீச்சர், பசியெண்டா சொல்லுங்க. பாண் வாங்கித் தாறன். இது தின்னுற சாமானில்ல" என்றார் நசீர் நானா.

"பாண் எங்க இருக்கு? விடிய வரிசையில நிண்டும் கிடைக்கேல்ல" என்றார் அத்தான். கவிழ்த்துப் போட்ட படகொன்றின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். கழற்றிய மரக்கால் பக்கத்தில் சாய்ந்திருந்தது.

அக்கா பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. கையை எடுத்துவிட்டாள், ஆனால் துண்டு விழவில்லை. நாக்கில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. மெதுவாக இழுத்து எடுத்தபோது சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

"ஒட்டுது" என்றாள். "உள்ளுக்கு முழுக்க ஓட்டை. நாக்கில இருக்கிற ஈரத்தை இழுக்குது."

துண்டு கைமாறி அத்தானிடம் போனது. அவர் அதை உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார். "பஞ்சு மாதிரி இருக்கு" என்றார். நாங்கள் நால்வரும் அந்த மரக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாணுக்கு வரிசை நின்ற காலம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் தேதி கேட்காதீர்கள். நான் வேலை செய்த பத்திரிகையில் யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் முதல் பந்தியிலேயே வரவேண்டும். இந்தக் கதையில் முதல் இரண்டுக்கும் நான் உத்தரவாதம். மூன்றாவதற்கு இல்லை.

மூக்குக் கண்ணாடி

அத்தான் துறைமுகத்தில் சுழியோடி. வெள்ளைக்காரக் கடற்படை போகும் முன்பே, மீசை அரும்பிய வயதில், அந்த வேலைக்குப் போனவர். கப்பல்களைக் கட்டிவைக்கும் மிதவைகளின் சங்கிலியைப் பார்ப்பது, கப்பலின் அடிக் காற்றாடியில் சுற்றிய கயிற்றை அறுப்பது, விழுந்த நங்கூரத்தைத் தேடுவது. துறைமுகத்தின் அடித்தரை அவருக்கு எங்கள் ஊர்ச் சந்தை போல. எந்த மூலையில் என்ன கிடக்கிறது என்று சொல்வார்.

அக்கா பரமேஸ்வரி விஞ்ஞான ஆசிரியை. முதல் நியமனம் மூதூரில். தினமும் காலையில் லோஞ்ச் படகில் போய்ப் பின்னேரம் திரும்புவாள். கடற்கரையில் பிறந்தவள்தான், ஆனால் கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. லோஞ்சில் ஏறும்போதுகூடக் கண்ணை மூடிக்கொள்வாள்.

அப்படி மூடிக்கொண்டு ஏறிய ஒரு நாள், அவளுடைய மூக்குக் கண்ணாடி தண்ணீரில் விழுந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் கரும்பலகையே அவளுக்குத் தெரியாது.

பக்கத்தில் மிதவையொன்றில் வேலையாக இருந்த சுழியோடி நீந்தி வந்தார். "என்ன டீச்சர் விழுந்தது?" என்று கேட்டார். "கண்ணாடி" என்றாள் அக்கா. அவர் மூழ்கினார்.

முதலில் ஒரு கரண்டியோடு மேலே வந்தார். கைப்பிடியில் நங்கூரம் பொறித்த பழைய கடற்படைக் கரண்டி. "இதோ?"

"நான் கண்ணாடி எண்டனான்" என்றாள் அக்கா.

அடுத்து ஒரு பச்சைப் போத்தல். உள்ளே ஒரு குட்டி நண்டு. "இதோ?"

அடுத்து ஒற்றைச் செருப்பு. லோஞ்ச்காரன் மணியடித்தான், பயணிகள் சிரித்தார்கள். "டீச்சருக்கு அடுத்தது அலுமாரி வரும்" என்று யாரோ சொன்னார்கள். லோஞ்ச் அக்காவை விட்டுவிட்டுப் போனது. அதன் பிறகுதான் கண்ணாடி வந்தது.

முதல்தரம் மூழ்கியபோதே கண்ணாடி கிடைத்துவிட்டது, அது அவருடைய இடுப்பில் செருகியிருந்தது என்ற விஷயம் கலியாணம் முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகுதான் வெளியே வந்தது. அதை அத்தான் சொல்லவில்லை. அக்காவாகக் கண்டுபிடித்தாள். கண்ணாடிச் சட்டத்தில் இடுப்புச் சாரத்தின் நூல் ஒன்று சிக்கியிருந்ததாம். அன்றைக்கே கண்டாளாம். கண்டும் சொல்லாமல் இருந்தாளாம்.

இரண்டு பேரும் இப்படித்தான்.

கால்

விபத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லிறங்குதுறைக்கும் ஒரு தட்டைப் படகுக்கும் நடுவில் அத்தானின் கால் அகப்பட்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அன்று கடல் எண்ணெய் ஊற்றினாற்போல அமைதியாக இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "அக்காவிட்ட மெதுவாச் சொல்லு."

கொழும்பில் மரக்கால் கொடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே தோல் உறை, வார்கள், அதற்குக் கீழே மரம், நடுவே இரும்பு. வீட்டுக்குள் நடந்தாலே வெட்டுண்ட இடம் சிவந்து கொப்புளித்தது. நனைக்கக்கூடாது என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

துறைமுகத்தில் அவரைக் களஞ்சியத்தில் போட்டார்கள். கேட்பவர்களுக்குக் கயிறும் கொக்கியும் எடுத்துக் கொடுக்கிற வேலை. கால் இல்லாமல் இரண்டொரு முறை தண்ணீரில் இறங்கிப் பார்த்தார். ஒற்றைக் காலால் அடித்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சுற்றியது. அடித்தரையில் நின்று சங்கிலியைப் பிடிக்க இரண்டு கால் வேண்டியிருந்தது.

திரும்பக் கடலில் வேலை செய்யவேண்டும் என்று அத்தான் வாய் திறந்து சொன்னதில்லை. அக்கா விடமாட்டேன் என்றும் சொன்னதில்லை. இரண்டும் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தன.

ஒரு வாளியில் நடந்தது

நசீர் நானா கிண்ணியாக்காரர். அத்தானின் வயது, பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய வாய். படகு செய்வதென்றால் அவருக்கு ரெசின் வேண்டும், கண்ணாடித் துணி வேண்டும், வாளிகளையும் தூரிகைகளையும் கழுவத் தின்னர் வேண்டும். இறக்குமதி நின்றிருந்த அந்த நாட்களில் தின்னர் கண்ணில் படவில்லை.

அதனால் அவர் சவர்க்காரத்தால் கழுவினார். கிணறு தூரம், கடல் கொட்டிலின் வாசலில். கடல் தண்ணீரில் சவர்க்காரத்தைச் சீவிப் போட்டுக் கழுவுவதுதான் பட்டறையின் வழக்கமாகிப் போனது.

ஒரு நாள் வாளியில் கொஞ்சம் கூடுதலாகவே ரெசின் மிஞ்சிவிட்டது. இறுகுவதற்கான மருந்தும் கலந்தாயிற்று. இளகட்டும் என்று சவர்க்காரத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தூரிகையால் அடித்தார் நசீர் நானா. இளகவில்லை. அடிக்க அடிக்க வெளுத்துத் தடித்துத் தயிர் போல ஆனது. அஸர் தொழுகைக்கு நேரமாகவே வாளியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். கிறுகி வந்து பார்த்தால் வாளி சுடுகிறது. உள்ளே வெள்ளைக் கல்.

வாளியைத் தட்டிக் கழற்றி, அந்தப் பாரமான கட்டியைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் போட்டார். வறண்ட கச்சான் காற்று தொடங்கியது. வெயிலும் காற்றுமாகச் சில வாரம் போனது. பிறகு ஒரு நாள், கதவைப் பிடித்து வைத்திருந்த கட்டி காற்றுக்குத் தானாக உருண்டு ஓடியது.

"மறுகாதான் டீச்சரைக் கூப்பிட்டன்" என்பார் நசீர் நானா. "கல்லு நடக்குதெண்டா, அதுக்கு ஓதிப்பாக்கிறதா, விஞ்ஞானம் பாக்கிறதா, எனக்குத் தெரியேல்ல."

அதில் உடைத்த துண்டைத்தான் அக்கா நாக்கில் வைத்தாள்.

திரைந்த சொதி

அதைத் திரும்பச் செய்வதென்று அக்கா முடிவெடுத்தாள். குசினியில் ஒரு தகரப் பேணியில் ரெசின், பக்கத்தில் நல்ல கிணற்றுத் தண்ணீர், சீவிய சவர்க்காரம். கலந்தாள். ரெசின் அடியிலும் தண்ணீர் மேலுமாக நின்றது.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சொதி தெரியும். தேங்காய்ப்பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கரண்டியை நிறுத்தினால் பால் திரைந்துவிடும். அக்கா அந்தக் கைப்பழக்கத்தோடு மறுபடி செய்தாள். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள், மத்தால் ஓயாமல் கடைந்தாள். அப்போதும் திரைந்தது.

அவள் பிடித்த பிடியை விடவில்லை. பேணிகள் வீணாகின. வீடெல்லாம் ரெசின் வாடை. அத்தான் மட்டும் வாசலில் இருந்து சொன்னார்: "இஞ்சாரும், இண்டைக்குச் சொதியை எங்களுக்கோ வைக்கிறீர், படகுக்கோ?"

நசீர் நானா வந்து பேணியை எட்டிப் பார்த்தார். "இது என்ன தண்ணி டீச்சர்?"

"கிணத்துத் தண்ணி. வடிச்சு எடுத்தது."

"சுத்தம் கூடிப்போச்சு. நான் கடல் தண்ணியிலதானே கழுவினான். வாளி கழுவ ஆராவது நல்ல தண்ணி தூக்குவாங்களா?"

அக்கா மத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வெகுநேரம் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

அவள் எனக்குச் சொன்னதை என்னால் முடிந்த அளவுக்குத் திருப்பிச் சொல்கிறேன். கடல் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, பிசுபிசுவென்று ஒரு படலமாகத் திரளும். கடலில் துணி துவைத்தவர்களுக்குத் தெரியும். அந்தப் படலம்தான் இங்கே வேலை செய்கிறது. ரெசினுக்குள் அடித்துக் கலக்கிய ஒவ்வொரு தண்ணீர்த் துளியையும் அது போர்த்திக்கொள்கிறது. துளியோடு துளி சேரவிடாது. துளிகளைச் சுற்றி ரெசின் இறுகிவிடும். பிறகு காற்றும் வெயிலும் பட்டுத் தண்ணீர் மெல்லப் போய்விடும். தண்ணீர் இருந்த இடம் அப்படியே இருக்கும்.

பாடசாலை நுணுக்குக்காட்டியில் ஒரு மெல்லிய சீவலை வைத்துக் காட்டினாள். தேன்கூடு மாதிரி என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் தேன்கூட்டில் ஒழுங்கு உண்டு. இது சோறு கொதிக்கும் பானையை ஒரு நொடியில் நிறுத்திவைத்தது போல இருந்தது. உருண்டை உருண்டையாகப் பெரிதும் சிறிதுமான அறைகள். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே சின்னச் சின்ன ஜன்னல்கள்.

"இந்த ஜன்னலாலதான் தண்ணி போனது" என்றாள்.

நசீர் நானாவின் பங்கு

கால் செய்ய அச்சு வேண்டும். அத்தானின் இடக்காலை வைத்துக் களிமண்ணில் அச்செடுத்து ஊற்றினோம். கட்டியைக் கழற்றிய பிறகுதான் நான்கு பேருக்கும் புரிந்தது. பெருவிரல் தவறான பக்கத்தில் இருந்தது.

"ரெண்டும் இடக்கால்" என்றார் நசீர் நானா. "நல்லதுதான் மச்சான். கலியாண வீட்டில உன்ட செருப்பை ஒருத்தரும் மாத்திக்கொண்டு போகமாட்டாங்க."

சிரித்து முடிந்ததும் அவரே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வலது காலைக் களிமண்ணுக்குள் வைத்தார். முன் பாதி ஒரு முறை, பின் பாதி ஒரு முறை. "கெதியா எடுங்க டீச்சர், எறும்பு கடிக்குது, கடிக்கிற எறும்பைச் சொறியவும் ஏலாது" என்று முழு நேரமும் முனகினார்.

இந்த முறையும் கடல் தண்ணீர்தான். மத்துப் பிடித்தது அக்கா, தண்ணீர் விட்டது நான். ரெசின் வெளுத்து, கனத்து, மத்தோடு சேர்ந்து எழுந்து நின்றது. கடைசியில் மருந்தைக் கலந்து, நடுவில் ஒரு பாலை மரக் கம்பை நிறுத்தி அச்சில் ஊற்றினோம். கை வைத்துப் பார்த்தபோது காய்ச்சல்காரனின் நெற்றி போலச் சுட்டது.

காய விட்டோம். தினமும் காலையில் அக்கா பட்டறைக்குப் போய் நாக்கை வைத்துப் பார்த்தாள். நாக்கு ஒட்டிய நாளில்தான் காய்ந்தது என்று ஒப்புக்கொண்டாள். அதன் மேல் நசீர் நானா கண்ணாடித் துணியால் ஒரு மெல்லிய தோல் போட்டார். பழைய தோல் உறையையும் வார்களையும் புதுக்காலில் பொருத்தினோம். பழைய காலில் மிஞ்சிய மரத்தை, ஓடிப்போன கட்டிக்குப் பதிலாகக் கதவுக்கு முட்டாக வைத்தார் நசீர் நானா.

அத்தான் எழுந்து நின்றார். ஓரடி வைத்தார். கொட்டிலின் அந்த முனைவரை போய்த் திரும்பினார்.

"எப்பிடி?" என்றாள் அக்கா.

"காலில பாரமே இல்லை. எண்டாலும் நசீர்ர கால். கிண்ணியாப் பக்கம்தான் இழுக்குது."

அன்று பின்னேரம் அவர் டச்சுக் குடாவின் கரையோரமாகக் கோட்டை வாசல்வரை நடந்தார். அக்கா அவருக்கு இரண்டு எட்டுப் பின்னால் நடந்தாள். வெட்டுண்ட இடத்தில் ஒரு கொப்புளமும் இல்லை.

காதுக்குப் பின்னால் உப்பு

இங்கே முடித்திருந்தால் நல்ல செய்தி. ஆனால் அத்தானுக்கு நடந்து போக ஊரில் இடம் இருக்கவில்லை.

அக்கா பாடசாலையில் இருந்த நேரத்தில் அவரும் நசீர் நானாவும் கடலில் இறங்கினார்கள். ஆழமில்லாத இடம்தான். இறங்கிய உடனே கால் மேலே கிளம்பியது. பஞ்சு போன்ற அந்தக் கால், வலை மிதப்பைப் போல நீர்மட்டத்துக்கு ஏறி அத்தானைத் தலைகீழாகப் புரட்டியது. எழும்ப எத்தனித்தால் மறுபடி புரட்டியது. நசீர் நானா பாய்ந்து பிடித்து இழுத்துப் போட்டார்.

துவட்டி, சட்டை மாற்றி, தலை வாரி, ஒன்றும் நடக்காதது போல வீட்டில் இருந்தார் அத்தான். அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நின்று பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, காதுக்குப் பின்னால உப்பு."

"வேர்வை."

"வேர்வை இப்பிடிப் பூக்காது."

அத்தான் மெல்ல எல்லாவற்றையும் சொன்னார். புரண்டதையும் சொன்னார். அக்கா கோப்பையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "இந்தக் கால் நடக்க. இனிக் கடல் இல்லை" என்றாள்.

"நடந்து எங்க போறது, பரமேஸ்? எனக்குத் தெரிஞ்ச இடமெல்லாம் தண்ணிக்குக் கீழதான் கிடக்கு."

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த நாள் நான் போனபோது அத்தான் உட்காரும் கதிரை திரும்பியிருந்தது. வழக்கமாக அது ஜன்னலைப் பார்த்திருக்கும். ஜன்னலில் துறைமுகம் தெரியும். இப்போது அவர் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். களஞ்சியத்தால் வருவார், கதிரையில் இருப்பார், அலுமாரியைப் பார்ப்பார். சண்டை இல்லை. பேச்சும் இல்லை.

தம்ளர்

அந்த வாரங்களில் குசினி ஜன்னலில், கறித்தூள் போத்தலுக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடித் தம்ளர் இருந்ததை நான் கவனித்தேன். அதில் கடல் தண்ணீர். தண்ணீரில் அந்த வெள்ளைத் துண்டுகளில் ஒன்று மிதந்தது. முதல் நாள் பாதி வெளியே நின்றது. பிறகு முக்கால் பாகம் அமிழ்ந்தது. ஓரமெல்லாம் ஊசி முனை அளவு குமிழிகள்.

ஒரு நாள் அக்கா கூப்பிட்டாள். "தம்பி, இஞ்ச வந்து பார்."

துண்டு தண்ணீருக்குள் முழுதாகப் போயிருந்தது. ஆனால் அடியில் கிடக்கவில்லை. நடுவில் நின்றது. அக்கா விரலால் அதைக் கீழே அழுத்தினாள். அழுத்திய இடத்தில் நின்று, பிறகு மெல்ல, சோம்பலாக அசைந்தது. சற்று உயர்த்தினாள். அங்கேயும் நின்றது.

"மிதக்கவும் மாட்டுது, தாழவும் மாட்டுது" என்றாள். "மனிசற்ற கால் தண்ணிக்குள்ள இப்பிடித்தான் நிக்கும்."

"அப்ப அத்தானை ஏன் புரட்டினது?"

"காத்து. உள்ளுக்குள்ள முழுக்கக் காத்து. அதை வெளியால போகவிடாமல் நாங்கள் மேல தோல் போட்டு மூடிவைச்சிட்டம். தண்ணி இருந்த இடத்துக்குத் தண்ணியையே திருப்பி விடவேணும்."

சொல்லிவிட்டுத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கடலுக்கு விடப்போறியோ அக்கா?"

தம்ளரை ஜன்னலில் இருந்து எடுத்தாள். திரும்ப அதே இடத்தில் வைத்தாள். "அந்தக் கதிரையைப் பார்க்க ஏலாமல் கிடக்குதடா" என்றாள்.

அந்த வாரமே நசீர் நானாவின் துளைப்பானை வாங்கிவந்து காலின் தோலில் துளைகள் போட்டாள். காற்று போவதற்கு மேலே, தண்ணீர் வருவதற்குக் கீழே. கணுக்காலுக்குச் சற்று மேலே கையகல இடத்தில் தோலை முழுதாக உரித்துவிட்டாள். கடல் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் காலை அமிழ்த்திக் கல் வைத்தாள். குமிழி நிற்கும்வரை பொறுத்திருந்தாள். அத்தானிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கிணற்றடிப் பக்கம் போகும்போதெல்லாம் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

கல்படி

காலையில் மூதூர் லோஞ்ச் போன பிறகு, இறங்குதுறைக் கல்படியில் நாங்கள் நின்றோம். நசீர் நானா சிறு தோணி ஒன்றில் பக்கத்தில் காத்திருந்தார். அக்காவின் ஒரு கையில் அத்தானின் ஊன்றுகோல். மற்றக் கையால் அவள் தன் மூக்குக் கண்ணாடியைப் பிடித்திருந்தாள், யாரோ பறித்துவிடுவார்கள் என்பது போல.

தண்ணீர் நிறைந்த கால் பாரமாக இருந்தது. அத்தான் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். இடுப்புவரை போனதும் ஒரு கணம் நின்றார். பிறகு மூழ்கினார்.

மேலே நீர் மூடிக்கொண்டது. வளையங்கள் படியில் வந்து தட்டி அடங்கின. அவர் எவ்வளவு நேரம் கீழே இருந்தார் என்று நான் எண்ணவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய கண்கள் இந்த முறை மூடியிருக்கவில்லை.

தோணிக்கு அப்பால், நாங்கள் பார்க்காத இடத்தில், அத்தானின் தலை எழுந்தது.

"கால் எப்பிடி மச்சான்?" என்று கத்தினார் நசீர் நானா.

"எங்க இருக்கெண்டே தெரியேல்ல."

"ஐயோ, என்ட காலைத் துலைச்சிட்டானா?"

"இருக்கு, இருக்கு. பாரம் தெரியேல்ல எண்டனான்." அத்தான் சிரித்தார். பிறகு கரையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கையில் துருப்பிடித்த ஒரு பூட்டு இருந்தது. "டீச்சர், இதோ?"

அக்காவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"இல்லை" என்றாள்.

அவர் மூழ்கினார். ஒரு சிப்பியோடு வந்தார். "இதோ?"

"இல்லை." கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்து மாட்டிவிட்டு, கொஞ்சம் உரக்க, "இன்னும் கீழ போய்ப் பாருங்கோ" என்றாள்.

ஒட்டேல்ல

அதற்குப் பிறகு அத்தான் களஞ்சிய வேலையை விட்டார். மீன்பிடிப் படகுக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். காற்றாடியில் வலை சுற்றினாலும் நங்கூரம் அறுந்தாலும் அவர்தான். வெருகலில் இருந்துகூட ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கதிரை ஜன்னல் பக்கம் திரும்பியது.

அந்தக் காலுக்கு ஒரு சிரமம் இருந்தது. கடலில் போடத் தண்ணீர் நிறைந்திருக்கவேண்டும். தரையில் நடக்கக் காய்ந்திருக்கவேண்டும். கடலால் வந்ததும் அக்கா அதைக் கிணற்றடியில் வைத்து, நல்ல தண்ணீரை மேல் துளையால் ஊற்றிக் கீழ்த் துளையால் வடியவிட்டு, திரும்பத் திரும்ப அலசுவாள். பிறகு வேலியோரம் தலைகீழாகச் சாத்துவாள். கச்சானில் கெதியாகக் காயும். மாரியில் நாள்கணக்கில் எடுக்கும். எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் உப்பு உள்ளே நிற்கும். எங்கள் ஊரில் மான்கள் வீதியில் மாடு மாதிரித் திரிபவை. அவற்றில் ஒன்றிரண்டு வேலியால் தலையை விட்டு அந்தக் காலை நக்கும். அக்கா தென்னோலையோடு ஓடுவாள்.

கால் காயும்வரை அத்தான் வீட்டில்தான். ஊன்றுகோலோடு வீதிக்குப் போக அவருக்கு மனமில்லை. கதிரையில் இருப்பார். அக்கா விடுமுறை நாளென்றால் பக்கத்தில் இருந்து பிள்ளைகளின் கொப்பி திருத்துவாள். அவர் கீரை ஆய்ந்து கொடுப்பார். நான் பலமுறை அந்தக் காட்சிக்குள் சைக்கிளோடு நுழைந்திருக்கிறேன்.

ஒரு முறை கேட்டேன்: "அக்கா, இன்னொரு கால் செய்தா என்ன? ஒண்டு காயேக்க மற்றதைப் போடலாம். வீட்டில அடைபட்டுக் கிடக்கத் தேவையில்லை."

"ரெசின் இல்லையே தம்பி" என்றாள்.

அப்போது அது உண்மை. பிறகு அரசாங்கம் மாறியது. இறக்குமதி திறந்தது. நசீர் நானாவின் கொட்டிலில் ரெசின் பீப்பாய்கள் சுவருக்கு முட்ட அடுக்கிக் கிடந்தன. களிமண் அச்சின் இரண்டு பாதிகளும் அக்காவின் அலுமாரிக்கு மேலேயே பத்திரமாக இருந்தன. துணி சுற்றி வைத்திருந்தாள்.

ஒரு நாள் காலையில், அத்தான் கதிரையில் இருக்க, நான் மறுபடி கேட்டேன். அக்கா கையில் இருந்த வேலையில் இருந்து தலை தூக்கவில்லை. பதில் கதிரையில் இருந்து வந்தது.

"ரெசின் இல்லையாமடா. விடு" என்றார் அத்தான்.

அக்கா எழுந்து வேலியடிக்குப் போனாள். காலைத் தூக்கினாள். கணுக்காலுக்கு மேலே தோல் உரித்த இடத்தில் நுனி நாக்கை வைத்தாள். நான் இரண்டு எட்டுத் தூரத்தில் நின்றேன். பார்ப்பதுதான் என் தொழில். அவள் முகத்தை எடுத்தபோது நாக்கு உடனே வரவில்லை. இழுபட்டு, சின்னதாக ஒரு சத்தத்தோடு பிரிந்தது.

"ஒட்டேல்ல" என்றாள் அக்கா, வீட்டைப் பார்த்து. "இண்டைக்கும் இருங்கோ."

ஜன்னலுக்குள்ளிருந்து அத்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஓம்" என்றார்.